குறைத்துக் கொடுத்த கதிர்

போன மாதம் யமுனா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இப்போது என் இடத்தில் இருப்பவள்.

"அக்கா, கணையத்துல கேன்சர் வந்த ஒரு பேஷண்டு. ஜீன் ரிப்போர்ட்டப் பாத்துட்டு டாக்டர் டோஸக் குறைக்கலாம்னு சொல்றாரு. வீட்டு ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. குறைச்சா, செத்தாச் சாகட்டும்னு விட்டுட்டீங்கன்னுதான அர்த்தம்னு கேக்குறாங்க. தேவராஜ் கேஸ்ல நீங்கள்லாம் என்னா சொன்னீங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். போனை வைத்த பிறகு பாதிகூடச் சொல்லவில்லை என்று பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தார். பள்ளி முடித்ததும் ரேடியேஷன் தெரபி படித்தேன். பழைய கோபால்ட் இயந்திரத்தில் கை பழகி, பிறகு வந்த புதிய இயந்திரங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். என் வேலை நோயாளியைச் சரியான இடத்தில் படுக்கவைத்து, கனமான கதவை மூடிவிட்டு வெளியே வந்து, கதிரைச் செலுத்துவது. எல்லோரும் என்னை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் ஓங். சீனப் பெண்மணி. கிள்ளானுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் தோட்டத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல்முறை வரும் தமிழ் நோயாளிகள் அவர் வாயைத் திறந்ததும் கொஞ்சம் திகைப்பார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும், கிட்டே போய் நின்றுதான் கேட்க வேண்டும். கூட்டத்தில் வயதில் சின்னவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவரையும் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்பார். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை தன் கருத்தை முகத்தில்கூடக் காட்டமாட்டார்.

கணையப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுப்பது எங்களுக்கு எப்போதுமே பயமான வேலை. கணையம் வயிற்றின் ஆழத்தில், முதுகெலும்புக்கு முன்னால் கிடக்கிறது. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் ஆரம்பம் வளைத்துக்கொண்டிருக்கிறது. கட்டிக்கும் குடலுக்கும் நடுவே சில இடங்களில் ஒரு நூல் இடைவெளிகூட இருக்காது. மூச்சு விட்டால் இரண்டும் சேர்ந்து நகரும். ஆகவே வெறும் வயிற்றில் வரச் சொல்வோம். கைகளைத் தலைக்கு மேல் வைத்து, உடம்பின் வடிவத்துக்கே இறுகிக்கொள்ளும் மெத்தையில் படுக்கவைப்போம். மூச்சைப் பாதியில் பிடித்து நிறுத்தப் பழக்குவோம். பிறகு ஸ்கேன் எடுத்து, தோலில் பச்சை குத்தியதுபோல் சின்னப் புள்ளிகள் வைப்போம். கதிர் கொஞ்சம் விலகினாலும் குடல் புண்ணாகும், சில சமயம் ஓட்டை விழும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒன்று புரியாமலே இருந்தது. ஒரே மாதிரிக் கட்டி, ஒரே டோஸ். ஒருவருக்குக் கட்டி சுருங்கும், இன்னொருவருக்கு அசையாது, மூன்றாவது ஆளுக்குக் கட்டிக்கு முன்னால் குடல் கெட்டுவிடும். டாக்டர் ஓங் இதை விடவில்லை. நோயாளிகளின் ரத்தத்தையும் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கையும் மரபணுச் சோதனைக்கு அனுப்ப ஆரம்பித்தார். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கத்தான் அந்த ரிப்போர்ட் அப்போது பயன்பட்டது. அதை வைத்துக் கதிரின் அளவை மாற்றலாமா என்பதற்கு எந்த விதிமுறையும் இல்லை.

அதோடு எங்களுக்கும் ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தார். ஸ்கேன் எடுக்கப் படுக்கவைக்கும்போது கேட்க வேண்டும்: குடும்பத்தில் யாருக்காவது கதிர் சிகிச்சை நடந்ததா, அதை எப்படித் தாங்கினார்கள்? "என் ரூம்ல உக்காந்தா பயத்துல எல்லாம் மறந்துடுவாங்க. அங்கப் படுத்துக்கிட்டு மெத்தை இறுகுற வரைக்கும் சும்மாதான இருப்பாங்க. அப்பக் கேளு" என்பார்.

தேவராஜிடமும் அப்படித்தான் கேட்டேன். ஐம்பது கடந்தவர். வீடு மேருவில். அங்கேயே ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் சூப்பர்வைசர். முதலில் மஞ்சள் காமாலை என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பிறகுதான் கணையத்தின் தலையில் கட்டி என்று தெரிந்தது. அது பக்கத்து ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் ஹாபிஸ் கத்தி வைக்க மறுத்துவிட்டார். கீமோ முடிந்து, கதிர் கொடுத்துக் கட்டியைக் குழாயிலிருந்து விலகவைத்தால் வெட்டி எடுக்கிறேன் என்றார். வெட்டி எடுத்தால்தான் பிழைப்பு. அதற்கு நடுவில் நாங்கள் நின்றோம்.

"என் அக்காவுக்குக் கரண்டு வச்சாங்க சிஸ்டர்" என்றார் தேவராஜ், கைகளைத் தலைக்கு மேல் வைத்தபடி. "மார்ல. ஏழெட்டு வருசம் இருக்கும். வேற ஆஸ்பத்திரி. வெந்து போச்சு லா. கறி வெந்த மாதிரி."

"எல்லாருக்கும் கொஞ்சம் சிவக்கும் அண்ணே."

"சிவக்குறது இல்ல சிஸ்டர். இன்னக்கி வரைக்கும் கை மேல தூக்க முடியாது அவுங்களுக்கு."

மெத்தை இறுகிவிட்டது. நான் ஸ்கேனை முடித்துவிட்டு நேரே டாக்டர் ஓங்கிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அக்காவ நான் பாக்கணும்" என்றார்.

சரோஜா அக்கா கிள்ளானிலிருந்து அடுத்த நாளே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். மெலிந்த, நிமிர்ந்த பெண். டாக்டர் கேட்டதும் மறுபேச்சில்லாமல் சட்டையை விலக்கிக் காட்டினார். கழுத்தெலும்பிலிருந்து விலாவரை தோல் கறுத்து, பலகைபோல் கெட்டிப்பட்டிருந்தது. நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப என்னா சொன்னாங்க உங்ககிட்ட?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் எண்ணெ தடவிட்டேனாம். சுத்தமா வச்சிக்கலியாம். தடவல டாக்டர். சொன்னா யாரு கேக்குறா? என் வீட்டுக்காரரே அப்பிடித்தான் பேசினாரு."

டாக்டர் ஓங் அந்தத் தோலின் மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, "நீங்க தடவல. எனக்குத் தெரியுது" என்றார். அக்காவின் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினோம்.

தேவராஜின் ரிப்போர்ட் அதுவரை வந்திருக்கவில்லை. சிகிச்சை தொடங்கும் நாள் குறித்தாகிவிட்டது. திட்டம் தயார்: கனமான டோஸாக ஐந்தே தடவை. டாக்டர் ஓங் அதை நிறுத்திவைத்தார். ரிப்போர்ட் வராமல் தொடங்கக் கூடாது என்றார்.

அந்த வாரங்கள்போல் என் சர்வீஸில் எதுவும் நீண்டதில்லை. கணையப் புற்றுநோய் காத்திருக்காது. டாக்டர் ஹாபிஸ் நேரில் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார். தேவராஜின் மனைவி மகேஸ்வரி ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். "ஏன் சிஸ்டர் லேட்டு? எங்களுக்குப் பெரிய ஆளுங்க யாரையும் தெரியாதுன்னா லேட் பண்றீங்க?" நான் பரிசோதனைக் கூடத்தைக் கூப்பிடுவேன். இன்னும் ஆகவில்லை என்பார்கள். நடைபாதையில் டாக்டர் ஓங்கைப் பார்த்தால் அவர் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

ரிப்போர்ட் வந்தது. ஏ.டி.எம். என்ற ஜீனில் பழுது. கதிர் என்பது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை வெட்டுகிற ஆயுதம். வெட்டு விழுந்தால் பழுதுபார்க்க ஆள் கூப்பிடுவது அந்த ஜீனின் வேலை. எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி உண்டு, அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. தேவராஜுக்குப் பிறவியிலேயே ஒன்று கெட்டது. உடம்பு முழுக்க மற்றதை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிக்குள் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போயிருந்தது. சில நாளில் சரோஜா அக்காவின் ரிப்போர்ட்டும் வந்தது. அவருக்கும் அதே இடத்தில் அதே பழுது.

கூட்டம் நடந்தது. ஆங்கிலத்தில் பேசியதை நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். டாக்டர் ஹாபிஸ் நியாயமாகவே பேசினார். "இந்த ஜீனில் ஒரு பிரதி கெட்டவர்கள் எத்தனையோ பேர் முழு டோஸையும் தாங்குகிறார்கள். நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு இருப்பது ஒரே வாய்ப்பு. டோஸைக் குறைத்து, கட்டி விலகாமல் போனால் அதுவும் போச்சு."

டாக்டர் ஓங் வழக்கம்போல் ஒவ்வொருவரையும் கேட்டார். என்னையும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த அக்காவின் மார்பை மறக்க முடியவில்லை என்றேன். கடைசியாக அவர் பேசினார். "ரிப்போர்ட் மட்டும் இருந்தால் நான் டோஸைத் தொடமாட்டேன். அக்காவின் உடம்பு மட்டும் இருந்தாலும் தொடமாட்டேன். இரண்டும் ஒன்றையே சொல்கிறது. கட்டியால் பழுதுபார்த்துக்கொள்ளவே முடியாது. குடலால் பாதியாவது முடியும். சின்னச் சின்ன டோஸாகப் பிரித்து நாள் விட்டுக் கொடுத்தால், இடைவெளியால் குடலுக்குத்தான் லாபம், கட்டிக்கு ஒன்றுமில்லை. மொத்தத்தையும் குறைக்கிறேன். தப்பு என்று தெரிந்தால் நடுவில் நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கும்."

"தப்பு என்று எப்போது தெரியும்?" என்று கேட்டார் ஹாபிஸ்.

"சில தப்பு வயிற்றைத் திறக்கும்போதுதான் தெரியும்" என்றார் அவர்.

தேவராஜிடமும் மகேஸ்வரியிடமும் விளக்கும்போது நானும் கூட இருந்தேன். ஏ.டி.எம். என்றதும் தேவராஜ், "காசு எடுக்குற ஏ.டி.எம்மா டாக்டர்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டோஸைக் குறைக்கப்போவதாகச் சொன்னபோதுதான் மகேஸ்வரி எழுந்தார்.

"குறைச்சலா குடுத்தா குறைச்சலாத்தான வேல செய்யும்? இவர விட்டுட்டோம்னு நேராவே சொல்லிடுங்க."

"விடல தங்கச்சி. இவரு கட்டிக்கு இதுவே போதும்னு நெனைக்கிறேன். முழுசாக் குடுத்தா இவரு கொடலு தாங்காதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்க. நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. நான் நெனைக்கிறது தப்பாவும் இருக்கலாம்."

ஒரு டாக்டர் நோயாளியின் முன்னால் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. தேவராஜ் எழுந்து பையை எடுத்தார். "தெரியும்னு சொல்ற எடத்துல பாத்துக்குறோம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள். ஒரு தனியார் மருத்துவமனை அடுத்த வாரமே முழு டோஸையும் கொடுப்பதாகச் சொல்லியிருப்பது பிறகு தெரிந்தது.

டாக்டர் ஓங் என்னைப் போன் செய்யச் சொல்லவில்லை. அவரும் செய்யவில்லை. ரிப்போர்ட்டின் பிரதியையும் தன் யோசனையையும் அந்த மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அதற்குமேல் நோயாளியின் விருப்பம் என்றார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை தேவராஜ் எங்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகேஸ்வரி. எதிரே, எழுந்து போனால் தடுக்கிறமாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சரோஜா அக்கா.

"தம்பிகிட்டக் காட்டிட்டேன் சிஸ்டர்" என்றார் அக்கா. "கூடப் பொறந்தவன்தான, வெக்கம் என்னா. இது என் மேல்தோலு. ஒனக்கு இதே மாதிரி உள்ள கொடல்ல வெந்துச்சின்னா எவன் வந்து பாக்குறதுன்னு கேட்டேன்."

மகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. "டாக்டரு தெரியாதுன்னு சொன்னாங்கல்ல" என்று மெதுவாகச் சொன்னார். "அந்த பிரைவேட்ல ஒருத்தரும் அக்காவப் பத்திக் கேக்கவே இல்ல சிஸ்டர்."

சிகிச்சை தொடங்கியது. தேவராஜ் மூச்சைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். நான் மைக்கில் "பிடிங்க அண்ணே" என்றால் திரையில் அந்தக் கோடு அப்படியே நிற்கும். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வாரம் ஒரு காலை அவர் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வயிற்றில் எரிச்சல், மலம் கறுப்பாகப் போகிறது என்றார்.

கறுப்பு மலம் என்றால் உள்ளே ரத்தம். நான் அவரை மேசையில் ஏற்றவில்லை. டாக்டர் ஓங் வந்தார். அன்றே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். மகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. எனக்குள் ஓடியது ஒன்றுதான்: குறைத்துக் கொடுத்ததற்கே இப்படி.

குடல் சுவர் சிவந்து வீங்கியிருந்தது. புண் ஆரம்பிக்கும் அடையாளம். ஆனால் ரத்தக்கசிவு இல்லை, ஓட்டை இல்லை. கறுப்புக்குக் காரணம் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. அதைத் தேவராஜ் எங்களிடம் சொல்லவில்லை. மகேஸ்வரி சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திட்டத்தில் இன்னும் சில தடவைகள் பாக்கி இருந்தன. அன்று மாலை கட்டுப்பாட்டு அறையில் டாக்டர் ஓங் அந்தக் குடல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் எல்லோரையும் கேட்டார். தொடரலாம் என்று இரண்டு பேர், நிறுத்தலாம் என்று இரண்டு பேர். "நிறுத்துறேன்" என்றார். குறைத்த டோஸும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. டாக்டர் ஹாபிஸுக்கு அவரே போனில் சொன்னார். மறுபக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவர் "ஆமாம். என் முடிவு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சில வாரம் ஆறவிட்டு ஸ்கேன் எடுத்தோம். அதிலும் தெளிவு கிடைக்கவில்லை. கதிர் பட்ட இடத்தில் தழும்பும் கட்டியும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். கட்டி வளரவில்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. ரத்தக்குழாயை விட்டுவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் ஹாபிஸ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திறந்து பார்க்கிறேன். ஒட்டியிருந்தால் மூடிவிடுவேன்" என்றார்.

அறுவை சிகிச்சை அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வேலை செய்திருந்தாலும் கை ஓடியிருக்காது. மகேஸ்வரியும் சரோஜா அக்காவும் நடைபாதை நாற்காலியில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை. இந்த ஆபரேஷன் முழுதாக நடந்தால் பகல் முழுக்க ஆகும். டாக்டர் சீக்கிரம் வெளியே வந்தால், முடியாது என்று மூடிவிட்டார் என்று அர்த்தம்.

கதவு திறக்கும்போதெல்லாம் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருமுறை பச்சை உடையில் ஒருவர் வந்தார். வேறு நோயாளியின் குடும்பத்தைத் தேடி வந்தவர். "ஏன் சிஸ்டர் இவ்வளவு லேட்டாகுது? பயமா இருக்கு" என்றார் மகேஸ்வரி. அப்போதுதான் சொன்னேன்: "லேட்டாகட்டும் அக்கா. லேட்டானாத்தான் நல்லது." சரோஜா அக்கா உடனே புரிந்துகொண்டார். அதன்பிறகு மூன்று பேரும் அந்தக் கதவு திறக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் போயிற்று. திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மங்கிய பிறகுதான் டாக்டர் ஹாபிஸ் வந்தார். முகத்தில் முகமூடியின் தடம் இருந்தது. மலாயில் சொன்னார், எல்லோருக்கும் புரிந்தது. கட்டி ரத்தக்குழாயை விட்டு விலகியிருந்தது. முழுதாக எடுத்துவிட்டேன்.

எடுத்த கட்டியை நோய்க்கூறு நிபுணர் சோதித்து, உயிரோடிருந்த புற்றுநோய்ச் செல்கள் மிகச் சொற்பம் என்று எழுதினார். அடுத்த கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் டாக்டர் ஓங்கைப் பார்த்தோம். அவர் சொன்னது: "ஒரே ஆளு. ஒரு ஆள வச்சு அடுத்த ஆளுக்கு யாரும் டோஸ் போடாதீங்க. அவுங்களுக்கு அவுங்க ரத்தம், அவுங்க குடும்பம்." யமுனாவிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

தேவராஜ் எடை பாதியாகி, மாதக்கணக்கில் கஞ்சி குடித்து, பிறகு தேறினார். ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் ஓய்வு பெறும்வரை செக்கப்புக்கு வந்துகொண்டிருந்தார். இந்த நோயில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அவருடைய மகள் தன் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லித் தானாகவே வந்தாள். அவளுக்கு அந்தப் பழுது இல்லை. சரோஜா அக்காவின் பழைய மருத்துவமனைக்கு, தோல் வெந்தது எண்ணெயால் அல்ல, ஜீன் பழுதால் என்று டாக்டர் ஓங் ஒரு கடிதம் அனுப்பினார். நகலை அக்கா தன் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம்.

என் கடைசி வாரத்தில் டாக்டர் ஓங்கோடு கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "ஒருவேளை கட்டி வளந்திருந்தா என்னா செஞ்சிருப்பீங்க டாக்டர்?"

அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"மேருவுக்குப் போயிருப்பேன். என் முடிவு தப்பாப் போச்சின்னு அவரு வீட்டுல உக்காந்து நான்தான் சொல்லணும், இங்க வரச் சொல்லிச் சொல்லக் கூடாது." ஸ்பூனைக் கீழே வைத்தார். "கடைசித் தடவைகள நிறுத்துனேன்ல, அன்னிக்கே அவரோட அக்காகிட்ட அவரு வீட்டுக்கு வழி கேட்டு வச்சிக்கிட்டேன்."